ஊரே சேர்ந்து கட்டுற படகு: ஸ்காட்லாந்தின் செயின்ட் ஏல்ஸ்

[காட்சி: ஒரு கொட்டகை. கவிழ்த்து வெச்ச படகுக்கூடு. ரெண்டு பலகை விளிம்போட விளிம்பு படிஞ்சிருக்கு.]

படகுக்கு ஒரு பலகை ஒட்ட எத்தனை பேர் வேணும்? ரெண்டு பேர் போதும்னு தோணும். ஆனா எபாக்ஸி பசையைக் கலந்துட்டா அது யாருக்காகவும் காத்திருக்காது, இறுக ஆரம்பிச்சிடும். அதுக்குள்ள படகு நீளத்துக்கு இருக்குற பலகையைத் தூக்கி வைக்கணும். முன்முனையில அது முறுக்கிக்கிட்டுத் திமிரும், அங்க ஒருத்தர் அழுத்திப் பிடிக்கணும். சாணுக்கு ஒரு கிளாம்ப் மாட்டிக்கிட்டே போகணும். பிதுங்குற பசையை இன்னொருத்தர் வழிச்சுக்கிட்டே வரணும். நாலஞ்சு பேர் இல்லாம நடக்காத வேலை.

அந்த நாலஞ்சு பேர்ல டீச்சர் இருப்பாங்க, ரிட்டயர் ஆனவர் இருப்பார், உளியையே தொடாதவங்களும் இருப்பாங்க. இந்த செயின்ட் ஏல்ஸ் படகை வரைஞ்சதே அவங்களை மனசுல வெச்சுத்தான்.

[காட்சி: ஆன்ஸ்ட்ரதர் துறைமுகம், பழைய கல் கட்டடங்கள்.]

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில, ஃபைஃப் பகுதியில, ஆன்ஸ்ட்ரதர்னு ஒரு மீன்பிடி ஊர். ஸ்காட்டிஷ் மீன்பிடி அருங்காட்சியகம் அங்கதான் இருக்கு. அந்த இடத்துல ஒரு காலத்துல செயின்ட் ஏல்ஸ் பேர்ல ஒரு சிற்றாலயம் இருந்துச்சு. படகுக்குப் பேர் வந்தது அதுலேர்ந்துதான்.

ஃபைஃப் கரையில சுரங்கத் தொழிலாளிங்க ஒரு காலத்துல படகுப் பந்தயம் விட்டிருக்காங்க. அது நின்னுபோச்சு. மீன்பிடிப் படகுக்கும் எஞ்சின் வந்தப்புறம் துடுப்புக்கு வேலையில்லை. கரையோர ஊர்கள்ல மறுபடியும் துடுப்பு வலிக்க வைக்கணும்னு அருங்காட்சியகம் 2009இல் கையில எடுத்தது. வடிவம் வரைஞ்சவர் இயன் ஆட்ரெட். ஆஸ்திரேலியாவுல பிறந்து ஸ்கை தீவுல வாழ்ந்தவர், 2024இல் காலமானார். அவர் மாதிரியா எடுத்துக்கிட்டது ஷெட்லாந்து தீவுகள்ல ஒண்ணான ஃபேர் ஐலோட பழைய படகை. 22 அடி நீளம், நாலு பேர், ஆளுக்கு ஒரு துடுப்பு, பின்னால சுக்கான் பிடிக்க ஒருத்தர்.

[காட்சி: வெட்டின ப்ளைவுட் பலகைகள் அடுக்கா.]

பலகைகள் கம்ப்யூட்டர் மெஷின்ல வெட்டி, செட்டா வந்துடும். "அப்போ இதுல என்ன பாரம்பரியம்?"னு கேப்பீங்க. ஷெட்லாந்து தீவுகள்ல மரம் அரிது. அதனால அந்தக் காலத்துலயே படகுகள் நார்வேயிலேர்ந்து பிரிச்ச பாகங்களா கப்பல்ல வந்து, தீவுல கூட்டப்பட்டிருக்கு. ஆக, செட் வாங்கிக் கட்டுறதும் பழைய வழக்கம்தான்!

படகோட உடல் எல்லா ஊருக்கும் ஒண்ணு, அதுல கை வைக்கக் கூடாது. பணக்கார கிளப் வேகமான படகு வாங்கி ஜெயிச்சுடக் கூடாதில்லையா? துடுப்பு மட்டும் அவங்கவங்க இஷ்டம். அதனால எத்தனை நீளம், எந்த மரம், தண்ணிக்குள்ள போற தட்டையான முனை எவ்வளவு அகலம்னு முடிவில்லாத வாக்குவாதம். என்னைக் கேட்டா, விதியில அந்த ஒரு ஓட்டையை விட்டுவெச்சது புத்திசாலித்தனம். கட்டி முடிச்சப்புறமும் பேச ஒரு விஷயம் வேணுமே.

[காட்சி: கடலில் போட்டி.]

முதல் பந்தயம் 2010 மே மாசம், ஆன்ஸ்ட்ரதர்லயே. 2013இல் ஸ்காட்லாந்தின் உல்லாபூல்ல உலகப் போட்டி. அப்புறம் 2016இல் வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்டு, 2019லயும் 2025லயும் மறுபடி ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்ரார். நெதர்லாந்து, அமெரிக்கா, டாஸ்மேனியாவுலயும் இதே படகைக் கட்டியிருக்காங்க. ஆண், பெண், கலப்பு அணிகளோட, 40, 50, 60 வயசு தாண்டினவங்களுக்குத் தனித்தனிப் பந்தயம் உண்டு. ஒலிம்பிக் படகுல இருக்கை சறுக்கும். இதுல நிலையான பலகை. அலையிலயும் நிதானமா நிக்கும். புதுசா வர்றவங்க முதல் நாளே துடுப்பு வலிக்கலாம்.

பந்தயம் ஒரு வார இறுதியில முடிஞ்சுடும். கொட்டகை வேலை மாசக்கணக்கில போகும். ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கிறது அங்கதான்.

[காட்சி: படகைச் சுத்திப் பலர்.]

எனக்குப் பிடிச்சது புரட்டுற நாள். அதுவரைக்கும் கவிழ்ந்தே கிடந்த படகை நிமிர்த்தணும். தெருவுல போறவங்களையும் கூப்பிடுவாங்க. "மெதுவா, மெதுவா"ன்னு ஒருத்தர் கத்த, படகு உருண்டு நிமிரும். உள்பக்கம் முழுசா வெளிச்சத்துக்கு வரும். கை எட்டாத மூலையில வழிக்காம விட்ட பசையெல்லாம் கல்லா இறுகி நிக்கும். யார் பக்கம் அதிகம்னு சிரிப்பு. அப்புறம் ஆளுக்கொரு உப்புத்தாளை எடுத்துக்கிட்டு உள்ள இறங்குவாங்க. பெயிண்ட் என்ன கலர்ங்கிற சண்டை அதுக்குள்ளயே ஆரம்பிச்சிருக்கும்.