டிஷ்வாஷரை நிறுத்திய புளியங்கொட்டை: மெக்கானிக்கை அழைக்கும் முன் இதைப் பாருங்கள்

[காட்சி: உள்ளங்கையில் ஒரு புளியங்கொட்டை]

வணக்கம். என் கையில் இருக்கும் இந்தப் புளியங்கொட்டைதான் எங்கள் வீட்டு டிஷ்வாஷரை இரண்டு நாள் முடக்கிப் போட்டது. வந்த மெக்கானிக் 4 நிமிடத்தில் இதை எடுத்துச் சிங்க்கின் ஓரத்தில் வைத்துவிட்டு, வருகைக் கட்டணம் 700 ரூபாய் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை; அவர் பயன்படுத்திய கருவி எங்கள் அடுக்களையிலேயே கிடந்த சாப்பாட்டுக் கரண்டி என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வாழ்ந்த ஜோசஃபின் காக்ரேன் 1886-இல் காப்புரிமை பெற்ற இயந்திரம், கம்பிக் கூடையில் அடுக்கிய தட்டுகளின்மேல் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவியது. இன்றைய இயந்திரமும் அதையேதான் செய்கிறது. துணி துவைக்கும் இயந்திரத்தைப் போல இது தொட்டி நிறையத் தண்ணீர் பிடிப்பதில்லை. அடியில் தேங்கும் மூன்று நான்கு லிட்டரையே பம்ப் திரும்பத் திரும்ப எடுத்துப் பீய்ச்சுகிறது. அழுக்கானதும் அதை வெளியே தள்ளிவிட்டுப் புதுத் தண்ணீரை வாங்குகிறது. ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் தண்ணீர் உள்ளே வருகிறதா, உள்ளே சுற்றுகிறதா, வெளியே போகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். எதைத் தொடுவதற்கு முன்னும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீர்க் குழாயை மூடிவிடுங்கள்; சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

[காட்சி: கீழ்த்தட்டு எடுக்கப்பட்ட இயந்திரத்தின் அடிப்பகுதி]

வெளியே போவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வீட்டில் அதிகம் படுத்துவது இதுதான். கதவைத் திறந்தால் அடியில் கலங்கிய தண்ணீர் தேங்கி நிற்கும். அதை டம்ளரால் மொண்டு, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்த பிறகு, நடுவில் இருக்கும் உருளை வடிவ ஃபில்டரைத் திருகித் தூக்குங்கள். கறிவேப்பிலைக் காம்பு, கடுகு, முருங்கைக்காய் நார் என்று நேற்றைய சாம்பார் முழுவதும் அதில் இருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஓடும் தண்ணீரில் தேய்த்தால் அது சுத்தமாகிவிடும். ஆனால் பலரும் இதோடு நிறுத்திவிடுகிறோம். ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ஓரத்தில் ஒட்டியிருப்பது கீழே உள்ள குழிக்குள் விழுந்துவிடுகிறது. என் புளியங்கொட்டையும் அப்படி விழுந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தக் குழியின் பக்கவாட்டில் ஒரு சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. பல இயந்திரங்களில் அதன் விளிம்பில் கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பினால் மூடி கழன்று வந்துவிடும். அதற்குப் பின்னால், கட்டைவிரல் அளவில், சிறு இறக்கைகளோடு இருப்பதுதான் வடிகால் பம்ப்பின் சக்கரம். உடைந்த கண்ணாடித் துண்டு கிடக்கலாம் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு விரலால் அதைச் சுழற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றாமல், அரைச் சுற்றுக்கு ஒருமுறை யாரோ பிடித்து இழுத்து விடுவதைப் போல விட்டு விட்டுச் சுற்றினால் பயப்பட வேண்டாம். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் சுற்றும். கொஞ்சமும் அசையாவிட்டால்தான் ஏதோ சிக்கியிருக்கிறது என்று பொருள். உங்கள் வீட்டுக் குழியில் என்ன கிடைத்தது என்பதைக் கீழே எழுதுங்கள். புளியங்கொட்டையை விஞ்சும் பொருள் ஒன்றை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

பம்ப் நன்றாக இருந்தும் கோளாறு தீராவிட்டால் வடிகுழாயைப் பாருங்கள். நம் வீடுகளில் பின்கட்டில் இயந்திரத்தை வைத்து, குழாயை நேரே தரையில் உள்ள சாக்கடைத் துளையில் விட்டுவிடுவது வழக்கம். அப்படி விட்டால், கேனிலிருந்து டியூப் வைத்து மண்ணெண்ணெய் இறக்குவோமே, அதே முறையில் உள்ளே வரும் தண்ணீர் தானாகவே வழிந்து போய்விடக்கூடும். இயந்திரமும் தண்ணீர் போதவில்லை என்று மேலும் மேலும் வாங்கிக்கொண்டே இருக்கும். குழாயைக் கையேட்டில் சொல்லியுள்ள உயரத்துக்கு, பெரும்பாலும் முழங்கால் அளவுக்காவது, ஏற்றி வளைத்துக் கட்டிய பிறகே கீழே இறக்க வேண்டும். இதற்கு ஒரு கயிற்றுத் துண்டு போதும்.

தண்ணீர் உள்ளே வராவிட்டால், வரும் குழாயின் முனையில் உள்ள வலையில் போர்வெல் மணல் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சுத்தமாக இருந்தால் அழுத்தத்தைக் கணக்கிடுங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும், இயந்திரம் 0.5 பார் கேட்டால், தொட்டி அதற்கு 5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். மாடிக்கு மேலேயே தொட்டி வைத்துள்ள மேல்தளத்து வீட்டில் அந்த உயரம் கிடைப்பதில்லை. அங்கே பழுது பார்க்க ஒன்றும் இல்லை, அழுத்தம் கூட்டும் சிறு பம்ப் ஒன்றைப் போட வேண்டியதுதான்.

பாத்திரம் சரியாகக் கழுவப்படாவிட்டால், தண்ணீரைப் பீய்ச்சும் கைகள் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். கை எந்தத் திசையில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, ஐந்து நிமிடம் ஓடவிட்டுத் திறந்து பாருங்கள். அதே இடத்தில் நின்றால், நீட்டிக்கொண்டிருக்கும் சாம்பார்க் கரண்டி தடுத்திருக்கலாம் அல்லது துளைகள் அடைத்திருக்கலாம். துளைகளைப் பல்குச்சியால் குத்திவிடலாம்.

[காட்சி: பால்போல வெளுத்துப் போன கண்ணாடி டம்ளர்]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கண்ணாடி டம்ளர்கள் நாளடைவில் வெளுத்துப் போகின்றன என்றால், காரணத்தை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். டம்ளரின் ஒரு பாதியில் மட்டும் வினிகரைத் தடவி, ஐந்து நிமிடம் கழித்துக் கழுவித் துடையுங்கள். அந்தப் பாதி மட்டும் பளிச்சென்று ஆனால், அது தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு படிந்தது. இரண்டு பாதியும் ஒன்றுபோலவே மங்கியிருந்தால் படிந்தது எதுவுமில்லை. கண்ணாடியே அரித்துப் போயிருக்கிறது, அந்த டம்ளர் இனிப் பழைய நிலைக்குத் திரும்பாது. முதல் கோளாறு கடினமான தண்ணீரால் வருகிறது. இரண்டாவது, தண்ணீர் அளவுக்கு மீறி மென்மையாக இருந்து, சோப்பும் சூடும் கூடும்போது வருகிறது. பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிரானது என்பதால், சோதிக்காமல், தண்ணீரை மென்மையாக்க இயந்திரத்தில் போடும் உப்பைக் கூட்டினால் இரண்டாவது வகை டம்ளர் இன்னும் விரைவாகக் கெடும்.

உப்பு என்றதும் அது பாத்திரத்தைத் தேய்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இயந்திரத்தின் அடியில் ரெசின் மணிகள் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. அவை தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. பிடித்துப் பிடித்து நிரம்பிப் போன மணிகளைக் கழுவி மறுபடியும் தயார் செய்வதுதான் உப்புநீரின் வேலை. இதற்கு நம் வீட்டுக் கல்லுப்பு உதவாது. தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பு ஊறுகாய்க்கு எவ்வளவு உயர்ந்ததோ, இந்த அறைக்கு அவ்வளவு பொருந்தாதது. கடல்நீரிலிருந்து எடுப்பதால், எந்தக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் விரட்டப் பார்க்கிறோமோ அவையே அதிலும் கொஞ்சம் இருக்கின்றன. தூள் உப்பில் கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் மணிகளை அடைத்துவிடும். டிஷ்வாஷருக்கென்றே விற்கும் சுத்தமான உப்பை மட்டும் போடுங்கள், போட்டவுடன் இயந்திரத்தை ஓடவிடுங்கள். சிந்திய உப்புநீர் ஸ்டீலை அரிக்கும்.

உப்பைப் போட்டால் மட்டும் போதாது, தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு என்பதையும் இயந்திரத்தில் பதிவு செய்ய வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கதாகவும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. ஆகவே “குடிக்கிற தண்ணீர்தானே” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதே தண்ணீர் டம்ளரை வெளுக்கவைக்கும். உள்ளே ஏற்கெனவே படிந்ததை நீக்க, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தைப் போட்டு, பாத்திரமே இல்லாமல் சூடான சுற்று ஒன்று ஓடவிடுங்கள்.

அலுமினிய இட்லித் தட்டு கறுத்துப் போவது பழுதல்ல, காரத்தன்மை மிகுந்த சோப்புக்கும் அலுமினியத்துக்கும் ஒத்துவராது. பிளாஸ்டிக் டப்பா ஈரமாகவே வருவதும் பழுதல்ல, அது சூட்டைத் தேக்கி வைக்காது. அந்த டப்பாவில் மஞ்சள் கறை இருந்தால் ஒரு பகல் வெயிலில் வையுங்கள், இயந்திரம் எடுக்காததை வெயில் எடுக்கும்.

போஷ், சீமென்ஸ் இயந்திரங்களில் இ-15 என்ற குறியீடு வந்து, பம்ப் நிற்காமல் ஓடினால், அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அங்குள்ள தெர்மாகோல் மிதவை எழும்பிச் சுவிட்சைத் தட்டிவிடும். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை மூடி, இருவராகச் சேர்ந்து மெதுவாகச் சாய்த்து வடித்தால் குறியீடு மறையும். சோப்பு மிகுந்து நுரை வழிந்ததால் வந்ததென்றால் அத்தோடு தீர்ந்தது. மறுபடியும் வந்தால் உள்ளே எங்கோ கசிகிறது. அதையும், ஓடும்போது வீட்டு மின்சாரமே டிரிப் ஆவதையும் நீங்கள் தொடாதீர்கள். பின்னதில் பெரும்பாலும் சந்தேகம் ஹீட்டர்மேல்தான் விழும். மெக்கானிக்கை அழைக்கும்போது குறியீட்டோடு, கதவின் உள் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் படித்துச் சொல்லிவிட்டால், அவர் முதல் தடவையே சரியான உதிரிப் பாகத்தோடு வர வழியுண்டு.