ரசீதோட பின்பக்கம்: ஆன்லைன்ல வித்த பொருள் வழியில தொலைஞ்சா பணம் யாருக்குப் போகும்?

[திரையில்: மேசை மேல் ஒரு கூரியர் ரசீது. ஒரு கை அதைத் திருப்பிப் போடுகிறது.]

இந்த ரசீதோட முன்பக்கத்தை நாம எல்லாரும் பார்ப்போம். பேர், ஊர், பின்கோடு, எடை, கட்டணம். பின்பக்கத்தை நான் முதல்முறையா படிச்சது ஒரு புடவை தொலைஞ்ச பிறகுதான்.

காஞ்சிபுரம் பட்டு. மயில்கழுத்து உடம்பு, அரக்கு பார்டர், கோர்வை நெசவு. விலை 18,500 ரூபாய். கோயம்புத்தூர்ல ஒரு அம்மா, மகளோட நிச்சயதார்த்தத்துக்காக வாட்ஸ்அப்புல பேசி வாங்கினாங்க. கூரியருக்கு 140 ரூபாய் கட்டினேன். மூணாவது நாள், பார்சல் ஹப்புக்கு வந்துடுச்சுன்னு டிராக்கிங்ல காட்டுச்சு. அதுக்கப்புறம் அந்த வரி மாறவே இல்லை.

பதினோராவது நாள் கிளைக்கு நேர்லயே போனேன். கவுன்ட்டர்ல இருந்த தம்பி மரியாதையாத்தான் சொன்னார்: "அக்கா, நீங்க இன்ஷூரன்ஸ் போடலையே. ரூல்படி நூறு ரூபாய்தான் வரும்." ரசீதைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்துல அப்படியேதான் அச்சடிச்சிருந்தது.

ஆன்லைன்ல விலையுயர்ந்த பொருள் விக்கிற ஒவ்வொருத்தரும் பார்சல் கட்டுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயத்தைத்தான் இந்த வீடியோல பேசப்போறேன். பட்டுப்புடவை, தஞ்சாவூர் ஓவியம், வெண்கலச் சிலை, கேமரா, பழைய கைக்கடிகாரம், எதுவானாலும் சரி.

[திரையில்: ஒரு தராசு. ஒரு தட்டில் "கொண்டுபோற கூலி", இன்னொரு தட்டில் "பொருளோட மதிப்பு".]

நாம கட்டுற கூரியர் கட்டணம் பொருளைக் கொண்டுபோற கூலி. அவ்வளவுதான். உள்ள இருக்குறது 18,500 ரூபாய்ப் பட்டா, 400 ரூபாய் காட்டன் சேலையான்னு அந்தக் கட்டணத்துக்குத் தெரியாது. மதிப்பைக் காப்பாத்துறது தனி வேலை, அதுக்குத் தனி விலை.

இதை ஒரு உண்மைச் சம்பவத்துல அழகாப் பார்க்கலாம். 1958 நவம்பர்ல நியூயார்க் நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன், உலகப் புகழ்பெற்ற ஹோப் வைரத்தை வாஷிங்டன்ல இருக்குற ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையா அனுப்பினார். 45 காரட்டுக்கு மேல இருக்குற நீல வைரம். துப்பாக்கிக் காவலோட வேன்ல போகல. பழுப்புத் தாள் சுத்தின பெட்டியில, பதிவுத் தபால்ல போச்சு. தபால் செலவு 2 டாலர் 44 சென்ட். 10 லட்சம் டாலருக்கான காப்பீட்டுக்கு அவர் கட்டினது 142 டாலர் 85 சென்ட். வைரம் பத்திரமா போய்ச் சேர்ந்தது. அந்தப் பழுப்புத் தாளை இன்னைக்கும் அங்க தபால் அருங்காட்சியகத்துல வச்சிருக்காங்க.

கூலியை விட காப்பீடு ஐம்பது மடங்குக்கும் மேல. நாம கூலியை மட்டும் கட்டிட்டு காப்பீடும் அதுக்குள்ள இருக்குன்னு நினைச்சுக்கிறோம்.

[திரையில்: "கூரியர்: சட்டம் என்ன சொல்லுது?"]

முதல்ல தனியார் கூரியர். இதுக்குன்னு 2007-ல வந்த சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இருக்கு. வீட்டு வாசல்ல வாங்கி வீட்டு வாசல்ல கொடுக்குற கூரியரையும் அந்தச் சட்டம் பேர் சொல்லியே சேர்த்திருக்கு. பொருள் தொலைஞ்சா, கூரியர்காரங்க அலட்சியமா இருந்தாங்கன்னு நீங்க நிரூபிக்க வேண்டியதில்லை. இது நமக்குச் சாதகம். ஆனா எவ்வளவு கிடைக்கும்ங்கிறதுக்கு 2011 விதிகள்ல ஒரு உச்சவரம்பு வச்சிருக்காங்க: கட்டின கட்டணத்தைப் போல பத்து மடங்கு. அதுவும் நீங்க எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாது.

என் கணக்கைப் போட்டுப் பாருங்க. 140 ரூபாய், பத்து மடங்குன்னா 1,400. தம்பி சொன்ன நூறை விட நிறையத்தான், ஆனா புடவை 18,500.

அதே சட்டம் ஒரு கதவையும் திறந்து வச்சிருக்கு. கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்ட நீங்க ஒத்துக்கிட்டா இந்த வரம்பு உங்களுக்குப் பொருந்தாது. ரசீதுல "ஓனர்ஸ் ரிஸ்க்", "கேரியர்ஸ் ரிஸ்க்"னு ரெண்டு கட்டம் பார்த்திருப்பீங்களே, விஷயம் அதுதான். யாரும் எதுவும் கேக்கலன்னா கை பழக்கத்துல ஓனர்ஸ் ரிஸ்க்ல டிக் விழுந்துடும். ஓனர்ங்கிறது நீங்க, கேரியர்ங்கிறது கூரியர்காரங்க; கூடுதல் ரிஸ்க் கட்டணம் கேரியர்ஸ் ரிஸ்க்குக்குத்தான்.

"பின்பக்கம் அச்சடிச்சதெல்லாம் என்னைக் கட்டுப்படுத்துமா? நான் படிக்கவே இல்லையே?" இந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. உச்ச நீதிமன்றம் 1996-லயே இதுக்குப் பதில் சொல்லியிருக்கு. பாரதி நிட்டிங் கம்பெனின்னு ஒரு பின்னலாடை நிறுவனம். ஜெர்மனியில ஒருத்தருக்குக் கோடைக்கால ஆடைகள் அனுப்பினாங்க. அதுக்கான ஆவணங்களை டிஎச்எல் கூரியர்ல போட்டாங்க. ஆவண உறை போய்ச் சேரல. மறுபடி நகல் அனுப்பி சரக்கை எடுக்குறதுக்குள்ள சீசன் முடிஞ்சுபோச்சு, வாங்குனவர் விலையைக் குறைச்சுட்டார். நஷ்டம் லட்சக்கணக்குல. ஆனா ரசீதுல பொறுப்பு 100 டாலர்னு அச்சடிச்சிருந்தது, அதுல கையெழுத்தும் இருந்தது. கையெழுத்துப் போட்டா அந்த நிபந்தனை கட்டுப்படுத்தும்னு தீர்ப்பு. 100 டாலர்தான்.

[திரையில்: சிவப்புத் தபால் பெட்டி.]

அடுத்தது நம்ம தபால் துறை. மேல சொன்ன 2007 சட்டம் அரசாங்கத்துக்குப் பொருந்தாது. தபாலுக்கு இப்போ இருக்குறது 2023 அஞ்சல் சட்டம், 2024 ஜூன்ல நடைமுறைக்கு வந்தது. அதோட 10-வது பிரிவு தெளிவா சொல்லுது: விதிகள்ல வகுத்த பொறுப்பைத் தவிர வேற எந்தப் பொறுப்பும் அஞ்சல் துறைக்குக் கிடையாது. 1898-ல வெள்ளைக்காரன் போட்ட பழைய சட்டத்துலயும் இதே மாதிரி ஒரு பிரிவு இருந்தது. ஸ்பீட் போஸ்ட்ல பொருள் தொலைஞ்சா இழப்பீட்டுக்கு அஞ்சல் துறை வகுத்த கணக்கு, கட்டின கட்டணத்துல ரெண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அது.

ஆக, ஸ்பீட் போஸ்ட்ல போட்டா பத்திரம்னு நினைக்காதீங்க. அதுல இன்ஷூரன்ஸையும் சேர்த்துப் போட்டாத்தான் பத்திரம். 2025 செப்டம்பர்ல பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோட இணைச்சுட்டாங்க. இப்போ கவுன்ட்டர்ல பதிவு, ஓடிபி டெலிவரி, இன்ஷூரன்ஸ் எல்லாத்தையும் தனித்தனியா வாய்விட்டுக் கேக்கணும். பெறுபவர் ஓடிபி சொன்னாத்தான் பார்சல் கைக்குப் போகும்ங்கிற அந்த வசதிக்கு 5 ரூபாயும் ஜிஎஸ்டியும். விலையுள்ள பொருளுக்கு அதை விடவே விடாதீங்க. யார்கிட்டயோ கொடுத்துட்டோம்ங்கிற தகராறு அங்கேயே முடிஞ்சுடும்.

இன்ஷூர் பண்ற பார்சலை அரக்கு வச்சு சீல் பண்ணணும்னு தபால் துறை கையேட்டுல பழைய விதி இருக்கு. எல்லா சீலும் ஒரே முத்திரையா இருக்கணும், புழக்கத்துல இருக்குற நாணயத்தை முத்திரையா அழுத்தக்கூடாது. காரணம் எளிமை: ஒரு ரூபாய் காசு எல்லார் பையிலயும் இருக்கு, பிரிச்சு எடுத்துட்டு அதே மாதிரி சீல் வச்சிடலாம். உங்க கடைப் பேர்ல ஒரு சின்ன பித்தளை முத்திரை செஞ்சு வச்சுக்கோங்க.

தங்க நகை அனுப்புறவங்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான கூரியர் நிபந்தனைகள்ல நகை, ரொக்கம், தங்கக்கட்டி எல்லாம் ஏத்துக்கொள்ளாத பொருள் பட்டியல்ல இருக்கும். "ஃபேன்சி ஐட்டம்"னு எழுதி அனுப்பினா, தொலைஞ்ச அன்னைக்கு உங்களுக்கு எந்த உரிமையும் இருக்காது. தயவுசெஞ்சு வேண்டாம்.

[திரையில்: பாலிசித் தாள். மூன்று எழுத்துகள் பெரிதாக: ஏ, பி, சி.]

மாசம் நாலஞ்சு பார்சல் அனுப்புறவங்களுக்கு கேரியர்ஸ் ரிஸ்க், இன்ஷூர்டு தபால் ரெண்டும் போதும். வாரத்துக்கு இருபது முப்பதுன்னு போனா, இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்டயே நேரா டிரான்சிட் பாலிசி எடுக்குறது நல்லது. அதுக்குப் பேர் மரைன் பாலிசி. பேர்ல கடல் இருந்தாலும் லாரிக்கும் ரயிலுக்கும் அதே குடும்பத்துப் பாலிசிதான். ஓப்பன் பாலிசின்னா வருஷத்துக்கு ஒரு தொகை வச்சு, ஒவ்வொரு பார்சலையும் அறிவிச்சுக்கிட்டே போகணும்.

இங்க ஏஜென்ட் சொல்ற பிரீமியத்தை மட்டும் பார்த்து ஏமாந்துடாதீங்க. உள்நாட்டுப் போக்குவரத்துக்கு ஏ, பி, சின்னு மூணு வகை நிபந்தனை இருக்கு. சி-ல தீயும் இடியும் மட்டும்தான். பி-ல அதோட பாலம் உடையறது, வண்டி மோதுறது, கவிழுறது, தடம்புரளுறது சேரும். நம்ம பார்சல் எதனால போகுது? பாலம் உடைஞ்சா போகுது? திருட்டுல போகும், தவறுதலா வேற ஊர் மூட்டையில ஏறிப் போகும். அதுக்கு ஏ வகைதான் வேணும். திருட்டு, வந்துசேராமை ரெண்டும் அடக்கமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. இன்னொண்ணு, கூரியர், தபால் வழியா அனுப்புறதும் பாலிசியில குறிப்பிட்டிருக்கணும். லாரின்னு மட்டும் போட்டிருந்தா சிக்கல்.

ஏ வகையிலயும் கிடைக்காதது முக்கியமா ரெண்டு. கட்டினது சரியில்லாம உடைஞ்சா கிடைக்காது. தஞ்சாவூர் ஓவியம் அனுப்புறவங்க கண்ணாடியை நினைச்சுப் பாருங்க. தாமதத்துக்கும் கிடைக்காது. முகூர்த்தம் முடிஞ்சு மறுநாள் புடவை வந்தா, இன்ஷூரன்ஸ் கணக்குல அது பத்திரமா வந்த புடவை.

[திரையில்: பில் புத்தகம், எடைக்கருவி, செல்போன் ஸ்டாண்ட்.]

இப்போ நாமளே நம்ம காலை வாரிக்கிற இடம்: மதிப்பைக் குறைச்சு எழுதுறது. ரிஸ்க் கட்டணம் மிச்சமாகும்னும், 500 ரூபாய்னு எழுதினா எவனும் கை வைக்க மாட்டான்னும் எத்தனை பேர் செய்யுறாங்க! நீங்க எழுதின தொகைதான் உச்சவரம்பு. 500-ன்னு எழுதினா 500. திருட்டுக்குப் பயந்தா அதுக்கு வழி வேற. மதிப்பு ரசீதுலயும் பில்லுலயும் இருக்கட்டும், வெளி உறையில வேண்டாம். "சில்க்ஸ்"னு கடைப் பேர் பளபளன்னு அச்சடிச்ச கவர் வேண்டாம். மொட்டையான பழுப்பு அட்டை போதும்.

கூட்டியும் எழுதக்கூடாது. உண்மையான மதிப்புக்கு மேல யாரும் தர மாட்டாங்க. பாட்டியோட பழைய பட்டு, பழைய கேமரா மாதிரி பில் இல்லாத பொருள்னா, வாங்குறவர் பணம் கட்டின யுபிஐ பதிவு, பேசி முடிச்ச சாட், முடிஞ்சா தெரிஞ்ச வியாபாரிகிட்ட வாங்கின மதிப்புச் சீட்டு எல்லாத்தையும் அனுப்புறதுக்கு முன்னாடியே சேர்த்து வைங்க.

எடையை நான் ரொம்ப நம்புறேன். கட்டி முடிச்சதும் எடைக்கருவியில வச்சு, அந்த எண் தெரியுற மாதிரி, முகவரிச் சீட்டும் தெரியுற மாதிரி, வெட்டாம ஒரே வீடியோவா எடுத்துடுவேன். உதாரணத்துக்கு 910 கிராம்னு வைங்க. கவுன்ட்டர் ரசீதுலயும் எடை விழும். போய்ச் சேர்ந்த இடத்துல 260 கிராம் இருந்தா, திருட்டு எங்க நடந்ததுன்னு அந்த எண்ணே சொல்லிடும். வாங்குறவங்ககிட்டயும் "பிரிக்கும்போது ஒரு வீடியோ எடுத்துடுங்கம்மா"ன்னு சொல்லிடுவேன். யாரும் தப்பா எடுத்துக்கிட்டதில்லை.

[திரையில்: நாட்காட்டி. பதிவு செய்த தேதி வட்டமிடப்படுகிறது.]

தொலைஞ்சே போச்சுன்னா? போன்ல பேசிக்கிட்டே இருக்காதீங்க. எழுத்துல புகார் கொடுங்க, மெயில் போதும், கூடவே ரசீது வர்ற மாதிரி ஒரு தபாலும். கூரியர் மேல வழக்குப் போடணும்னா, புக்கிங் பண்ண தேதியில இருந்து 180 நாளைக்குள்ள எழுத்துல நோட்டீஸ் கொடுத்திருக்கணும். தொலைஞ்ச தேதியில இருந்து இல்ல. "விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்"னு ஆறு மாசத்தை ஓட்டினா நஷ்டம் நமக்குத்தான்.

பார்சல் சேரலன்னு கூரியர்கிட்ட ஒரு சான்று கேளுங்க. இன்ஷூரன்ஸ்காரங்க கேக்குற முதல் தாள் அது. திருட்டுன்னு சந்தேகம் இருந்தா போலீஸ் ஸ்டேஷன்ல மனு கொடுத்து குறைஞ்சது சிஎஸ்ஆர் ரசீதாவது, அதாவது மனுவைப் பதிஞ்சதுக்கு ஸ்டேஷன்ல கொடுக்குற சீட்டாவது வாங்குங்க.

முக்கியமா, கூரியர்ல நூறோ ஆயிரமோ கொடுத்து "முழுமையாகத் தீர்ந்தது"ன்னு கையெழுத்துக் கேட்டா போடாதீங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்துட்டு, உங்க இடத்துல நின்னு கூரியர்கிட்ட வசூல் பண்ணும். அந்த உரிமையை நீங்க ஒரு கையெழுத்துல அழிச்சுட்டா, உங்க க்ளெய்மையே நிராகரிக்கலாம். யாரும் அசையலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாங்குனவங்க பணம் என்ன ஆகும்? 1930 சரக்கு விற்பனைச் சட்டத்துல 39-வது பிரிவு, பொருளைக் கூரியர்கிட்ட கொடுத்தாலே வாங்குறவர்கிட்ட கொடுத்த மாதிரிதான்னு தொடங்குது. ஆனா பொருளோட தன்மைக்கு ஏத்த மாதிரி நியாயமான ஏற்பாட்டோட அனுப்பணும்னும் சொல்லுது. 18,500 ரூபாய்ப் புடவையை ஓனர்ஸ் ரிஸ்க்ல அனுப்பினது நியாயமான ஏற்பாடுன்னு என்னால அந்த அம்மாகிட்ட சொல்ல முடியல. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நிச்சயதார்த்தத்துக்கு அவங்க வேற புடவை எடுத்துக்கிட்டாங்க.

எல்லாத்துக்கும் இன்ஷூரன்ஸ் வேணுமா? வேண்டாம். 600 ரூபாய் காட்டன் சேலைக்கு நான் போடுறதில்லை. ஒவ்வொரு பார்சலுக்கும் அஞ்சு ரூபாய் தனியா எடுத்து வைக்கிறேன், எப்பவாவது ஒண்ணு போனா அதுல இருந்து சரிக்கட்டிடுவேன். 3,000 ரூபாயைத் தாண்டினா ரிஸ்க் கட்டணத்தை விலையோட சேர்த்தே சொல்லிடுறேன். "இதுல இன்ஷூரன்ஸும் இருக்கு"ன்னு பில்லுல ஒரு வரி. போன வாரம் மதுரைக்கு ஒரு முகூர்த்தப் பட்டு போச்சு. கவுன்ட்டர்ல அதே தம்பிதான். நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே, "கேரியர்ஸ் ரிஸ்க்தானே அக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே டிக் போட்டார்.

[திரையில்: டிராக்கிங் பக்கம். "மதுரை: ஒப்படைக்கப்பட்டது."]