வட்டபுளுவ ஆற்றங்கரை, 1803: போர்க்காலச் சான்றுகளை எடைபோடுவது எப்படி?

[திரையில்: மகாவலி கங்கை, வட்டபுளுவ]

1803 ஜூன் மாத இறுதியில், கண்டி நகரை விட்டு வெளியேறிய ஆங்கிலேயப் படை இந்த ஆற்றங்கரையில் அழிந்தது. பாடநூல்கள் இதை இரண்டு மூன்று வரிகளில் முடித்துவிடுகின்றன. அந்த வரிகள் யார் சொல்லி நமக்குக் கிடைத்தன என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

உயர்தரத்தில் வரலாறு படிக்கும் நம் மலையகத்துப் பிள்ளைகள், மூலாதாரம் பற்றிய கேள்வி வந்தால் பெரும்பாலும் ஒரே பதிலை எழுதுகிறார்கள்: "இது பக்கச்சார்பானது, ஆகவே நம்ப முடியாது." இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. போரின் நடுவே எந்தப் பக்கமும் சாராமல் எழுதியவர் யார்? சார்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது தொடக்கம் மட்டுமே. இந்தச் சான்று எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் அனுப்பிய படை பெப்ரவரியில் கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பின்வாங்கியிருந்தான். ஆங்கிலேயர் நாயக்கர் குடும்பத்து முத்துசாமியை அரியணையில் அமர்த்தினர். மக்கள் அவனை ஏற்கவில்லை. காவலுக்கு நின்ற படையைக் காய்ச்சல் தின்றது. ஜூன் 24 அன்று கண்டிப் படை தாக்கியது. காவற்படையின் தளபதி மேஜர் டேவி சரணடைந்து, திருகோணமலை செல்லப் புறப்பட்டு, ஆற்றைக் கடக்க முடியாமல் நின்றார். முத்துசாமி ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். 26 அன்று படையினரும் கொல்லப்பட்டனர்.

[திரையில்: ஆற்றங்கரையிலிருந்து மாத்தளைப் பக்கம் நீளும் கோடு]

முதல் சான்று, கோப்ரல் பார்ன்ஸ்லி என்ற சாதாரணப் படைவீரரின் வாக்குமூலம். கழுத்தில் வெட்டுப்பட்டு, இறந்தவர்களோடு விடப்பட்டு, எப்படியோ மாத்தளைப் பக்கத்தில் ஆங்கிலேயர் வைத்திருந்த மக்டோவல் கோட்டைவரை போய்ச் சேர்ந்தவர் அவர். படையினரை இருவர் இருவராக அழைத்துச் சென்றார்கள் என்கிறார். களத்தில் நின்றவர், தன் உடம்பிலேயே காயம் வாங்கியவர். ஆகவே அந்தக் கரையில் கொலை எப்படி நடந்தது என்ற கேள்விக்கு இவரைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. ஆனால் கட்டளையிட்டது மன்னனா, முதலாம் அதிகாரான, அதாவது தலைமை அமைச்சரான, பிலிமத்தலாவையா என்று இவரிடம் கேட்கக் கூடாது. அரண்மனையில் பேசப்பட்டது ஒரு கோப்ரலின் காதுக்கு எட்டியிருக்காது. கண்ணால் கண்டவர் என்பதற்காக அவர் காணாததையும் அவர் தலையில் கட்டுவது, மாணவர்கள் மட்டுமல்ல, பெரிய ஆய்வாளர்களும் செய்கிற தவறு.

இரண்டாம் சான்று, தேசாதிபதி நோர்த்தின் கடிதங்கள். அவர் கொழும்பில் இருந்தார், களத்தைப் பார்க்கவில்லை. படையெடுப்புக்குப் பொறுப்பானவரும் அவரே. அவருடைய கடிதங்களில் தற்காப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் மன்னனை இறக்குவது பற்றிப் பிலிமத்தலாவையுடன் அவர் முன்பே நடத்திய இரகசியப் பேச்சும் அதே கடிதப் போக்குவரத்தில்தான் வெளிப்படுகிறது. போரின் காரணத்தைத் தேடுகிறவருக்கு இது பெரும் புதையல்.

கொல்லப்படாமல் கைதியாக வைக்கப்பட்ட மேஜர் டேவி, சிறையிலிருந்து இரகசியமாக அனுப்பிய துண்டுக் குறிப்புகளும் உண்டு. கைதியின் நிலையை அறிய அவை உதவும்; போரை அறிய அவ்வளவு உதவாது.

[திரையில்: ஓலைச்சுவடி]

மறுபக்கத்தில் 'இங்கிரீசி ஹட்டன' என்ற சிங்களப் போர்க்காவியம் இருக்கிறது. மன்னனைப் புகழ்ந்து, ஆங்கிலேயர் மீது பெற்ற வெற்றியைப் பாடுகிறது. எத்தனை பேர் இறந்தார்கள் என்று இதில் எண்ணத் தொடங்கினால் ஏமாந்துபோவோம். நான் இதை வேறொன்றுக்காகப் படிக்கச் சொல்வேன். தென்னிந்திய நாயக்கர் வழிவந்த ஒருவனை ஒரு சிங்களக் கவிஞர் தம் நாட்டின் காவலனாகக் கொண்டாடுகிறார். 1815இல் கண்டிப் பிரதானிகள் அதே மன்னனைக் கைவிட்டு ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள். அவன் எப்போதும் அந்நியனாகவே பார்க்கப்பட்டான் என்று யாராவது சொன்னால், இந்தக் காவியத்தை எடுத்து எதிரே வைக்கலாம். களத்தின் இறப்பு எண்ணிக்கைக்கு உதவாத சான்று, அரசவையைப் பற்றி இவ்வளவு பேசுகிறது.

நிலமும் ஒரு சான்றுதான். ஆற்றைக் கடக்க முடியவில்லை என்பது சரணடைந்தவர்களின் சாக்குப்போக்கா? ஜூனில் தென்மேல் பருவமழை மேல்மலைகளில் எப்படிக் கொட்டும் என்று அட்டன், நோர்வூட் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல்மலைகளில் கொட்டும் அந்த நீரில் ஒரு பகுதி மகாவலிக்கு வருகிறது. ஆகவே அந்தக் கூற்று நம்பத்தக்கது. ஆனால் இன்றைய ஆற்றைப் பார்த்து 1803இன் ஆழத்தை முடிவு செய்யாதீர்கள். 1976இல் பொல்கொல்லை அணை வந்த பிறகு இங்கே நீரோட்டம் பழையபடி இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆங்கிலேயப் படையில் மலாய் வீரர்கள் இருந்தார்கள். அவர்களின் தலைவர் நூர்தீன், மன்னனிடம் பணிபுரிய மறுத்ததால் கொல்லப்பட்டார். அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் பிறர் சொன்னவையே. படையின் உணவையும் வெடிமருந்தையும் மலையேற்றிய சுமைகூலிகளோ மேலே சொன்ன எந்தச் சான்றிலும் தம் வாயால் பேசவில்லை. தோட்டத்துப் பாட்டன் பாட்டிகளின் பெயரைப் பேரேடுகளில் தேடித் தவித்த நமக்கு, அந்த இடைவெளி உடனே கண்ணில் பட வேண்டும். விடை எழுதும்போது அதையும் ஒரு குறையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.