போடும்போது கேட்காத கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

ஊட்டி ரேஸ் கோர்ஸில் குதிரை ஓடிய காலத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கோடை சீசனில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடக்கவே முடியாது. ஒரு ஜன்னலில் காசு கொடுத்து டிக்கெட் வாங்குவார்கள். குதிரை ஜெயித்தால் அந்த டிக்கெட்டை இன்னொரு ஜன்னலில் நீட்டுவார்கள். உள்ளே இருப்பவர் டிக்கெட்டைப் பார்ப்பார், பணத்தை எண்ணி வைப்பார். ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். 2024-இல் அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது, ஜன்னல்களுக்கும் வேலை போயிற்று. அங்கே நான் தோற்றது மொத்தம் அறுபது ரூபாய். அது 1988. என் வீட்டம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாள்.

இப்போது அந்தச் சூதாட்ட ஜன்னல் ஒரு ஆப்பாகப் போனுக்குள் வந்துவிட்டது. பணம் போடுவது சுலபம். எடுக்கப் போகும்போதுதான் ‘நீ யார்?’ என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

நான் முப்பத்தோரு வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். கூடலூர், குன்னூர், கடைசியில் கோத்தகிரி. என் அண்ணன் மருமகன் கோத்தகிரியில் இ-சேவை மையம் வைத்திருக்கிறார். அவர் மதியம் சாப்பிடப் போகும்போது கடையில் நான் உட்காருவேன். போன நவம்பரில் அப்படி ஒரு மதியம், நல்ல மழை, ஒரு தம்பி வந்தான். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பச்சைத்தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறவன். அம்மா எஸ்டேட்டில் வேலை, குடியிருப்பது லைன் வீட்டில். நனைந்த பிளாஸ்டிக் கவரில் இருந்து ஆதார், பான், பாஸ்புக் மூன்றையும் எடுத்து மேசையில் வைத்தான்.

“சார், கலர்ல ஸ்கேன் பண்ணணும். நாலு மூலையும் தெரியணுமாம்.”

“யாருக்குப்பா?”

“ஒரு ஆப்புக்கு சார். பணம் எடுக்கணும்.”

ஆப்பில் அவன் கணக்கில் 38,000 ரூபாய் காட்டியது. ஒன்றரை மாதத்தில் 200, 500 என்று அவன் போட்டது 14,000. முதல் முறை 200 ரூபாய் போட்டபோது என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். “ஒண்ணும் கேக்கல சார். போன் நம்பர், ஓடிபி. அவ்வளவுதான்.”

எங்கள் வங்கியில் இது அப்படியே தலைகீழ். அந்தக் காலத்தில் கணக்குத் தொடங்க வந்தவர்களைப் பாடாய்ப் படுத்துவோம். போட்டோ எங்கே, ரேஷன் கார்டு எங்கே, ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் வந்து ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். தும்மனட்டியிலிருந்து வந்த ஒரு பாட்டியை மூன்று தடவை அலைய விட்டிருக்கிறேன், இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. ஆனால் கணக்குத் தொடங்கிய பிறகு ஸ்லிப்பில் கையெழுத்து, ஒரு டோக்கன், பணம். எடுக்க வந்தவரிடம் ‘மின் கட்டண ரசீது கொண்டு வா’ என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அடையாளம் கேட்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆடுபவருக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டதா, பணம் அவருடைய கணக்கிலிருந்துதான் வருகிறதா, யாராவது கறுப்புப் பணத்தை இந்தப் பக்கம் போட்டு அந்தப் பக்கம் வெள்ளையாக எடுக்கிறாரா, இவையெல்லாம் கேட்டே ஆகவேண்டிய கேள்விகள். ஆனால் எப்போது கேட்பது? பிரிட்டனில் சூதாட்டத் தளங்களுக்கு உரிமம் உண்டு, அதைக் கண்காணிக்க ஒரு ஆணையமும் உண்டு. 2019 மே மாதம் அந்த ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது: பெயர், முகவரி, பிறந்த தேதி மூன்றையும் சரிபார்த்த பிறகுதான் ஆளை ஆடவே விட வேண்டும். பணம் எடுக்கும் நேரத்தில் புதிது புதிதாக ஆவணம் கேட்டு இழுத்தடிக்கிறார்கள் என்று அங்கேயும் ஏகப்பட்ட புகார். பதினேழு வயதுப் பையன் போடும் பணத்தை வாங்கிக்கொண்டு, ஜெயித்த பிறகு ‘உனக்கு வயது பத்தாது’ என்றால் அது வயதுப் பரிசோதனையா?

சரி, நம் தம்பியிடம் வருவோம். அவன் பணம் கேட்டு விண்ணப்பித்து அன்றைக்கு இருபத்தொரு நாள். முதல் தடவை போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். மங்கலாக இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை, பெயர் பொருந்தவில்லை. இது நம் ஊருக்கே உரிய வியாதி. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பாஸ்புக்கில் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டம் போட்டவனுக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாது. என் பெயரே மூன்று ஆவணத்தில் மூன்று விதம். முப்பது வருடம் மற்றவர்கள் பெயரைத் திருத்தியவன், என் ஓய்வூதியத்துக்கு இரண்டு மாதம் அலைந்தேன்.

மூன்றாவது தடவை முகவரிச் சான்று. கடந்த மூன்று மாதத்துக்குள் வந்த கரண்ட் பில், அதுவும் அவன் பெயரில். லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். அவன் பெயரில் பில் எங்கிருந்து வரும்? நான்காவதாகத்தான் இந்தக் கலர் ஸ்கேனும், கையில் ஆதாரையும் தேதி எழுதிய காகிதத்தையும் பிடித்துக்கொண்டு ஒரு செல்ஃபியும்.

ஒழுங்காகச் செய்தால் இதெல்லாம் இருபத்தொரு நாள் வேலையே அல்ல. உங்கள் கணக்கில் ஒரு ரூபாய் போடுவார்கள். அது யார் பெயரில் உள்ள கணக்கு என்று வங்கி திருப்பிச் சொல்லும். பான் கார்டில் உள்ள பெயரோடு ஒப்பிட்டால் முடிந்தது. நேரம் ஏன் இழுக்கிறது என்பதற்குக் காரணம் அவன் போனிலேயே இருந்தது. ‘பரிசீலனையில்’ என்று எழுதிய வரிக்குக் கீழே பச்சை நிறத்தில் ஒரு பட்டன்: விண்ணப்பத்தை ரத்து செய்து தொடர்ந்து ஆடு. எடுக்கக் கேட்ட பணம் அங்கேயேதான் இருக்கிறது, ஒரு விரல் பட்டால் மறுபடி ஆட்டத்துக்குள் வந்துவிடும். அந்த இருபத்தொரு நாளில் இரண்டு தடவை, ராத்திரி தூக்கம் வராமல், அதை அழுத்தியிருக்கிறான். முதலில் இருந்தது 52,000 என்று அப்புறம்தான் மெதுவாகச் சொன்னான்.

போனஸ் கதையும் உண்டு. ஆயிரம் போட்டால் ஆயிரம் இனாம், ஆனால் அந்த இனாமைப் போல முப்பது மடங்குக்குப் பந்தயம் கட்டிய பிறகுதான் எதையும் எடுக்கலாம் என்று எங்கோ பொடி எழுத்தில் இருக்கும். முப்பது மடங்கு என்றால் 30,000 ரூபாய்க்கு ஆட வேண்டும். கட்டும் ஒவ்வொரு நூறிலும் சராசரியாக நான்கு ரூபாய் தளத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30,000-க்கு 1,200. ஆயிரம் ரூபாய் இனாமை வாங்க ஆயிரத்து இருநூறு செலவு. நம் சந்தையில் இப்படி ஒரு இனாம் கொடுத்தால் கடைக்காரனைச் சும்மா விடுவோமா?

ஸ்கேனுக்கு முன்னால் அவன் என்னிடம் கேட்க வந்த கேள்வி வேறு. “சார், முப்பது பர்சன்ட் வரி முதல்ல கட்டினாதான் பணம் ரிலீஸ் பண்ணுவாங்களாம். 11,400. கட்டலாமா?” அம்மாவின் சீட்டுப் பணம் வீட்டில் இருக்கிறது, அதை எடுத்துக் கட்டிவிட்டு ரெண்டு நாளில் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் பொய்யில் பாதி உண்மை கலந்திருக்கிறது. இணைய விளையாட்டில் ஜெயித்த பணத்துக்கு முப்பது சதவீத வரிப்பிடித்தம் என்பது நிஜம். 2023 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டத்தில் 194பிஏ என்ற பிரிவாக வந்தது. ஆனால் அது பிடித்தம். நடத்துபவர் உங்களுக்குத் தரும் பணத்திலிருந்து கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். கழித்தது உங்கள் பான் எண்ணில் வரவாகி, வரித்துறையின் கணக்கு விவரத்தில் தெரியும். பணமாக ஜெயித்ததற்கு வரியை முன்பணமாகக் கட்டச் சொல்ல அதில் இடமே கிடையாது. அதுவும் நிகர வெற்றிக்குத்தான் வரி. 38,000-இல் அவன் போட்ட 14,000-ஐக் கழித்தால் 24,000. அதில் முப்பது சதவீதம் 7,200. இவர்களோ மொத்தத் தொகைக்கும் போட்டு 11,400 என்கிறார்கள். வரி கட்டச் சொன்ன யுபிஐ முகவரியைக் காட்டச் சொன்னேன். ஏதோ ஒரு எண்டர்பிரைசஸ். வருமான வரித்துறை எப்போது கடை திறந்தது என்று கேட்டேன். தம்பி சிரிக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 2022-இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் நிறைவேறி, 2023-இல் ஒப்புதல் பெற்றது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின, நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்றன. சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஜூனில் அவை செல்லும் என்றது. தம்பி பச்சை பட்டனை அழுத்திய நேரத்தை நினைத்தால் அந்த நள்ளிரவு விதியை எழுதியவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது. அடுத்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா இணைய விளையாட்டையும் தடை செய்து சட்டம் இயற்றிவிட்டது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. தமிழ்நாட்டுச் சட்டத்தில் சூதாடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை உண்டு, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆக இன்றைக்கு உங்கள் ஆதாரைக் கேட்கும் தளம் எங்கோ கடல் கடந்த தீவின் உரிமத்தைக் காட்டலாம், அல்லது எதையும் காட்டாமலும் இருக்கலாம். ‘பணம் தரவில்லை’ என்று முறையிட இங்கே எந்தக் கவுன்ட்டரும் கிடையாது.

பணம் வராமல் போனால் நஷ்டம் அதோடு முடிந்தது. வந்துவிட்டால்தான் சில நேரம் பெரிய வம்பு. இத்தகைய தளங்கள் பலவும் வாடகைக்குப் பிடித்த தனி ஆட்களின் கணக்குகள் வழியாகப் பணத்தை நகர்த்துகின்றன. உங்களுக்கு ஜெயித்த பணம் என்று வருவது வேறு மாநிலத்தில் யாரோ ஏமாந்து இழந்த பணமாக இருக்கலாம். அவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்கிறார். போலீஸ் பணம் போன தடத்தைப் பிடித்து, அது தொட்ட கணக்குகளை எல்லாம் முடக்கச் சொல்கிறது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் எங்கள் கிளைக்கு ஒரு சிறு விவசாயி வந்தார். மகனோடு சேர்ந்து வைத்திருந்த கணக்கு. மகன் ஏதோ ஆப்பில் ஜெயித்த 4,000 அதில் வந்திருந்தது. அதற்காகக் கணக்கு முடங்கிவிட்டது. அந்த மாதத்து இலைக் காசு 17,000 உள்ளே மாட்டிக்கொண்டது. உரம் வாங்க வந்தவர் பாஸ்புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மொழி தெரியாத ஊரின் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதி எழுதி, பூட்டுத் திறக்க நான்கு மாதம் ஆனது.

தம்பிக்கு ஸ்கேன் எடுத்துக் கொடுக்கவில்லை. ஆனால் முந்தைய மூன்று தடவையில் ஆதாரும் பானும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டன. அதை வைத்து அவன் பெயரில் சிம் வாங்கலாம், கணக்குத் தொடங்கலாம், அப்புறம் அந்தக் கணக்கில் எவனோ ஜெயித்த பணமும் தோற்ற பணமும் ஓடலாம். அதனால் முதலில் சஞ்சார் சாத்தி தளத்தில் அவன் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்தோம். இரண்டு, இரண்டும் அவனுடையதுதான். பிறகு ஆதார் தளத்தில் கைரேகை, கண் பதிவுகளைப் பூட்டினோம். கடைக்குள் சிக்னல் இல்லை, மழையில் ரோட்டுக்கு எதிரே கூரைக்கடியில் போய் நின்று ஓடிபியைக் கத்திச் சொன்னான், நான் இங்கே அடித்தேன். ரோட்டில் போனவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். இனி எங்கே ஆதார் நகல் கொடுத்தாலும் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற நகலைக் கொடு என்று சொல்லி, அதில் ஒன்று எடுத்துத் தந்தேன். வரி கேட்ட அந்த யுபிஐ முகவரியையும் மெசேஜையும் படம் பிடித்து சைபர் குற்றத் தளத்தில் புகாராகப் பதிந்தோம். ஆடியதைச் சொன்னால் நம்மைப் பிடிப்பார்களோ என்று தயங்கினான். உன்னிடம் பணம் பறிக்கப் பார்த்ததைத்தான் புகாராக எழுதுகிறோம் என்றேன்.

போகும்போது போனை எடுத்து ஒரு தரம் பார்த்தான். 38,000 அப்படியே இருந்தது, பச்சை பட்டனும் இருந்தது. ஆப்பை அழித்துவிடு என்று சொன்னேன், அழித்தானா என்று நான் பார்க்கவில்லை. பழைய கவர் நனைந்து கிழிந்திருந்தது. புதிதாக ஒன்று எடுத்து, ஆதாரையும் பானையும் பாஸ்புக்கையும் அதில் போட்டுக் கொடுத்தேன்.

வணக்கம்.