செயினைக் கழற்றும் முன்பே நட்டைத் தளர்த்துங்கள்: ஆர்1 என்ஜின் காரில் ஸ்பிராக்கெட் வேலை

வணக்கம் மக்களே. இன்றைக்கு கேமராவைத் தரையோடு தரையாக வைத்திருக்கிறேன். என் முகம் சரியாகத் தெரியாது. பரவாயில்லை, ஸ்பிராக்கெட்டை, அதாவது செயினை இழுக்கும் பல்சக்கரத்தை, என்ஜினின் ஷாஃப்டில் பிடித்திருக்கும் நட்டு தெரிந்தால் போதும்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இது இரண்டு சீட் ட்ராக் கார். இங்கிலாந்தில் இந்த மாதிரி வண்டிகளை வீட்டுக் கராஜிலேயே கட்டுகிறவர்கள் நிறைய. இதையும் அப்படி ஒருவர் கட்டியதுதான், நான் பழசாக வாங்கினேன். சீட்டுக்குப் பின்னால் இருப்பது முதல் தலைமுறை யமஹா ஆர்1 பைக்கின் என்ஜின், 998 சிசி. 1998-இல் இது வந்தபோது எல்லாரும் பேசியது இதன் கியர்பாக்ஸைப் பற்றித்தான். ஷாஃப்டுகளை வரிசையாகப் படுக்க வைக்காமல் மேலும் கீழுமாக அடுக்கிவிட்டார்கள். என்ஜினின் நீளம் குறைந்துவிட்டது. பைக்குக்காகச் செய்தது, கார் கட்டுகிறவர்களுக்கும் தோதாகப் போயிற்று. ஒரே குறை, ரிவர்ஸ் கிடையாது. காலையில் நானும் மச்சானும் தள்ளித்தான் வண்டியை உள்ளே கொண்டுவந்தோம்.

இப்போது 16 பல் ஸ்பிராக்கெட் இருக்கிறது. 15 பல் போடப்போகிறேன். டாப் ஸ்பீடு சுமார் 6 சதவீதம் குறையும், ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுவை நன்றாக இருக்கும். பிராண்ட்ஸ் ஹேட்ச் இண்டி மாதிரி சின்ன ட்ராக்குக்கு அதுதான் வேண்டும்.

சரி, நட்டுக்கு வருவோம். இங்கே பாருங்கள், நட்டுக்கு அடியில் ஒரு வாஷர், அதன் ஓரத்தை மடித்து நட்டின் பக்கத்தோடு ஒட்டவைத்திருக்கிறார்கள். லாக் வாஷர். முதலில் இதை உளியால் நிமிர்த்தித் தட்டையாக்க வேண்டும். முழுதாக. பாதி மடிப்போடு விட்டால் நட்டு அதிலேயே சிக்கிக்கொள்ளும், நீங்கள் மரை பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ரெஞ்சின் பிடியில் நீளமான பைப்பை மாட்டித் தொங்குவீர்கள்.

அப்புறம் எந்தப் பக்கம் திருப்புவது? இந்த நான்கு சிலிண்டர் ஜப்பான் என்ஜின்களில் பொதுவாகச் சாதாரண வலது மரைதான், எதிர் கடிகாரத் திசையில் திருப்பினால் கழலும். ஹார்லியின் பெரிய பைக்குகளில் இடது மரை வரும், அது எதிர்ப்பக்கம் கழலும். எது உங்கள் என்ஜின் என்று கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இந்த நட்டு அகலம், ஆனால் உயரம் குறைவு. கடையில் வாங்கும் சாக்கெட்டின் வாயில் உள்பக்கம் சரிவாகச் சீவியிருப்பார்கள். அந்தச் சரிவால் நட்டின் பாதி உயரம்தான் பிடியில் இருக்கும். அதனால் சாக்கெட்டின் முகத்தை கிரைண்டரில் வைத்துத் தட்டையாக்கிவிட்டேன். விளிம்பு இப்போது நேராக இருக்கிறது, பாருங்கள். ஆறு முனை சாக்கெட்டாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை வேண்டாம், மூலையைச் சப்பையாக்கிவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். நட்டைத் திருப்ப பலம் பெரிய பிரச்சினையே இல்லை. பெரும்பாலான கையேடுகளில் இந்த நட்டை இறுக்கும் முறுக்கு விசை 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 70 கிலோ ஆள் எடையைப் போட்டாலே கிட்டத்தட்ட 690 வந்துவிடும். ஷாஃப்ட் கூடவே சுற்றாமல் அதை எப்படிப் பிடிப்பது? வேலையே அங்கேதான்.

பலர் முதலில் செயினைக் கழற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஷாஃப்டைப் பிடிக்க என்ஜின் மட்டும்தான் மிச்சம். கியரில் போட்டால் மொத்த அடியும் கியர் பற்கள் வழியாக, கிளட்ச் வழியாக, பிஸ்டன் வரைக்கும் போகும். சிலர் செயினுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவரைச் செருகுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பக்கத்தில் இருப்பது அலுமினிய கேஸ், ஒரு துண்டு பெயர்ந்தால் கதை முடிந்தது.

செயின் மாட்டியே இருக்கட்டும். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, பின் சக்கரம் இரண்டும் தரையில் இருக்க வேண்டும். ஒன்று அந்தரத்தில் இருந்தால் டிஃபரன்ஷியல் அந்தப் பக்கம் சுற்றவிட்டுவிடும். இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக்கை நான் நம்புவதில்லை, அதனால் மச்சான் உள்ளே உட்கார்ந்து கால் பிரேக்கை மிதிக்கிறான். டேய், போனை வை! நான் சொல்லும்வரை காலை எடுக்காதே.

இன்னொன்று. ஸ்பிராக்கெட் வண்டியின் இடது பக்கம். அங்கிருந்து பார்த்தால் வண்டி முன்னால் போகும்போது சக்கரம் எதிர் கடிகாரத் திசையில் சுற்றும். நட்டைக் கழற்றுவதும் அதே திசைதான். ஆக நீங்கள் பைப்பை அழுத்தும்போது வண்டி முன்னால் ஓடப் பார்க்கும். கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் வையுங்கள். இதில் ஒரு நன்மையும் உண்டு: செயின் வழக்கமாக இழுபடும் மேல்பக்கத்திலேயே இழுபடும், அதற்குப் புதிதாக எந்தக் கஷ்டமும் இல்லை.

பைக்கில் இந்தப் பக்கம் திறந்தவெளி. காரில் சேஸிஸ் குழாய் குறுக்கே நிற்கிறது. அதனால் பைப்பை மேலிருந்து போட முடியாது, அடியில்தான். ஏர் கன்னும் உள்ளே நுழையாது. நுழைந்தால் அதுதான் சுலபம், குட்டிக் குட்டி அடியாகக் கொடுப்பதால் ஷாஃப்டை இவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியதே இல்லை.

அழுத்திப் பார்க்கிறேன்... அசையவில்லை. மரையின் ஓரத்தில் சிவப்பாகத் தெரிகிறது, லாக்டைட், அதாவது மரை கழலாமல் ஒட்டிப்பிடிக்கும் பசை. இதற்கு துரு எண்ணெய் ஊற்றிப் பயனில்லை, அது துருவுக்கு மட்டும். சிவப்பு வகை முழுதாக விட 250 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், ஆனால் சூடு ஏற ஏறப் பிடி குறைந்துகொண்டே வரும். பின்னாலேயே ரப்பர் ஆயில் சீல் இருப்பதால் நெருப்பைக் காட்டி உட்கார்ந்திருக்க முடியாது. ஹாட் ஏர் கன்னில் குறுகிய மூக்கை மாட்டி, நட்டின் மேல் மட்டும், கொஞ்ச நேரம்.

இப்போது மிதி, மச்சான். நல்லா மிதி... செயின் தொய்வு போகிறது... இறுகிவிட்டது... டக்! கேட்டதா? அந்தச் சத்தத்துக்குப் பிறகு கையாலேயே வரும்.

வரவே இல்லை என்றால் நட்டை வெட்டிவிடுங்கள். மரையைத் தொடாமல் ஓரத்தில் துளை போட்டு, உளியால் பிளந்தால் போதும். நட்டு சொற்பக் காசு. ஷாஃப்ட் மரை கெட்டால் என்ஜினை இறக்கி கேஸை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

மரையில் ஒட்டியிருக்கும் சிவப்புத் தூளைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கிறேன். பழைய வாஷர் குப்பைக்கு, ஒருமுறை மடித்ததை மறுபடி மடிக்கக்கூடாது. 15 பல்லை மாட்டி, டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு இறுக்கி, புது வாஷரை மடித்துவிடுவேன். மச்சான், இன்னும் காலை எடுக்காதே, இறுக்கும்போதும் பிரேக் வேண்டும். அந்தக் கட்டையைப் பின்பக்கம் மாற்றி வைக்கிறேன்.