சரியான விடைக்குள் இரண்டு தவறுகள்

நேயர்களுக்கு வணக்கம். தில்லியில் ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்துவரும் நான், தசம எண்களை ஒப்பிடுவதில் ஆசிரியர்களும் பெற்றோரும் கவனிக்கத் தவறுகிற ஓர் இடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மிகை எண்ணும் குறை எண்ணும் எதிரெதிரே நின்றால் மிகை எண்தான் பெரியது. அதில் சிக்கல் இல்லை. தில்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1935 ஜனவரி 16 அன்று −0.6 டிகிரி செல்சியஸும், 2006 ஜனவரி 8 அன்று 0.2 டிகிரியும் பதிவாயின. எது கடுங்குளிர் என்று கேட்டால் இவ்வூர்ப் பிள்ளைகள் தயங்காமல் 1935 என்பார்கள். இரண்டுமே குறை எண்களாக வரும்போதுதான் தடுமாற்றம்.

−0.5, −0.45 ஆகியவற்றில் எது பெரியது என்று ஒருமுறை கேட்டிருந்தேன். ஒரு மாணவி −0.45 என்று எழுதியிருந்தாள். விடை சரி என்பதால் நானும் குறியிட்டுவிட்டேன். பிறகு மனம் கேளாமல் அவளை அருகில் அழைத்து, எப்படிக் கண்டுபிடித்தாய் அம்மா என்றேன். "ஐந்தைவிட நாற்பத்தைந்து பெரியதுதானே, டீச்சர்" என்றாள். புள்ளிக்குப் பின்னுள்ளதை முழு எண்ணாகப் படித்தது ஒரு தவறு. குறைக்குறியைக் கண்டுகொள்ளாதது இன்னொரு தவறு. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, தாளில் மிஞ்சியது சரியான விடை. −0.3, −0.45 என்று மாற்றிக் கொடுத்தேன். மறுபடியும் −0.45 என்றே எழுதினாள். இம்முறை அது பிழை. முதல் கணக்கை மட்டும் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நான் எண்ணியது என் பிழை.

கி.பி. 628-இல் கணித அறிஞர் பிரம்மகுப்தர் தமது பிராம்மஸ்புட சித்தாந்தம் என்ற நூலில் மிகை எண்ணைத் தனம் என்றும், குறை எண்ணை ருணம், அதாவது கடன் என்றும் கொண்டே விதிகளை வகுத்தார். இன்றும் அதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. "ஒருவருக்கு 0.3 ரூபாய் கடன், மற்றவருக்கு 0.45 ரூபாய் கடன். யார் நிலைமை மேல்?" என்று கேட்டேன். அவள் தாளின் ஓரத்தில் 30 காசு, 45 காசு என்று எழுதினாள். பத்தில் மூன்று என்பது நூறில் முப்பதேதான் என்பதைக் காசுக் கணக்கு தானாகவே காட்டிவிட்டது. கடன் குறைந்தவர் நிலைமைதான் மேல் என்று சொல்லிவிட்டு, முன்பு எழுதியதை அடித்து −0.3 என்று எழுதினாள். நான் சொல்லாமலே முதல் கணக்குக்கும் திரும்பி, −0.5-இன் கடைசியில் ஒரு பூஜ்ஜியத்தைச் சேர்த்தாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இன்று −0.7, −0.65 என்ற இணையையும், −0.2, −0.65 என்ற இணையையும் சேர்த்தே கொடுத்துப் பாருங்கள். இரண்டும் சரியாக வந்தாலும், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நன்றி, வணக்கம்.