அது நல்ல ஊர்தான் என்று முதலில் நம்பட்டும்

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு டிஸ்டோபியா நாவலை, அதாவது மனிதரை நசுக்கும் ஒரு கற்பனைச் சமுதாயத்தின் கதையை, எப்படி நடத்துவது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எப்படி நடத்தக்கூடாது என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் வருடம் லோயிஸ் லௌரி 1993-இல் எழுதிய 'தி கிவர்' நாவலை எடுத்தேன். முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் டிஸ்டோபியா என்று எழுதி, அடியில் விளக்கம், அதற்கும் அடியில் கண்காணிப்பு, கட்டுப்பாடு, பறிபோகும் சுதந்திரம் என்று வரிசையாக அடுக்கினேன். பிள்ளைகள் ஒழுங்காக நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கதை அன்றைக்கே செத்தது. மோசமான ஊர் என்று நானே சொல்லிவிட்ட பிறகு அவர்கள் கண்டுபிடிக்க என்ன மிச்சம்?

அடுத்த வருடம் வாயை மூடிக்கொண்டேன். (வாத்தியாருக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.) முதல் சில அத்தியாயங்கள் முடிந்ததும் ஒரே கேள்விதான் கேட்டேன்: இந்த ஊரில் குடியிருக்க யாருக்கெல்லாம் ஆசை? அங்கே பசி இல்லை, வேலையில்லாதவர் இல்லை, ஒன்பது வயதானால் சைக்கிள், பன்னிரண்டு வயதானால் பெரியவர்கள் நம்மைக் கவனித்துப் பார்த்து நமக்கேற்ற வேலையை ஒதுக்கிவிடுவார்கள். பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். என்ன படிப்பது என்று வீட்டில் சண்டையே வராதே என்றாள் ஒருத்தி. சரி என்று விட்டுவிட்டேன், மறுத்துப் பேசவில்லை.

அப்புறம் சொற்களுக்கு வந்தோம். கதைநாயகன் ஜோனஸ் நான்கு வயதில், சாப்பாட்டுக்கு முன்னால், பட்டினியில் சாகிறேன் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிடுகிறான். உடனே தனியாகக் கூப்பிட்டுத் திருத்துகிறார்கள்: உனக்கு இருப்பது பசி, பட்டினி அல்ல, இங்கே யாரும் பட்டினி கிடந்ததில்லை. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு, ஏனென்றால் மணியடிப்பதற்கு முன்னால் 'பசியில் உயிர் போகுது சார்' என்று அவர்கள் சொல்லாத நாள் இல்லை. ஆனால் வார்த்தை தவறிச் சொன்ன இன்னொரு குழந்தை அடி வாங்கி வாங்கிக் கடைசியில் கொஞ்ச காலம் பேசுவதையே நிறுத்திவிடுகிறான் என்ற இடம் வந்தபோது சிரிப்பு குறைந்தது.

எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு சொல் இருக்கிறது, விடுவித்தல். முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும். வயதானவர்களை விடுவிக்கிறார்கள், மூன்று முறை தப்பு செய்தவர்களை விடுவிக்கிறார்கள், சரியாக வளராத குழந்தைகளையும்தான். அந்தச் சொல் வரும்போதெல்லாம் என்ன அர்த்தம் என்று தோன்றுகிறதோ அதை நோட்டில் எழுதிவைக்கச் சொன்னேன். சீக்கிரமே ஊகித்த இரண்டு பேரிடம் உங்களோடே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பத்தொன்பதாம் அத்தியாயத்தில், ஜோனஸின் அன்பான அப்பா, இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை ஊசி போட்டுக் கொன்று 'விடுவிக்கிறார்', கொஞ்சிக்கொண்டே. அந்த அத்தியாயத்தை வீட்டில் படிக்கச் சொல்லாதீர்கள், வகுப்பில் சேர்ந்து படியுங்கள், அதுவும் வாரத்தின் கடைசி வகுப்பாக வேண்டாம். வீட்டில் சமீபத்தில் சாவு நடந்த பிள்ளை இருந்தால் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள்.

படித்து முடித்த பிறகு நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை, பழைய நோட்டைத் திருப்பிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். 'வேறு ஊருக்கு அனுப்புவது', 'ஓய்வு கொடுப்பது', அவரவர் கையெழுத்தில். அந்த ஊர்க்காரர்கள் எப்படி ஏமாந்தார்களோ அப்படியே தாங்களும் ஏமாந்திருப்பது தெரிந்ததும் வகுப்பில் விழுந்த அமைதியை, நான் கரும்பலகையில் எதை எழுதியும் கொண்டுவந்திருக்க முடியாது.

இந்த வயதுக்கு இது தேவையா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1994-இல் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி விருது பெற்ற இதே புத்தகத்தை அமெரிக்காவில் பள்ளிகளிலிருந்து எடுக்கச் சொல்லி எத்தனையோ முறை புகார் போயிருக்கிறது. நான் செய்வது, அந்த அத்தியாயத்தை அவர்களுக்கு முன்னாலேயே கொடுத்துவிடுவதுதான். படித்தவர்களில் பலர் சமாதானமாகிவிடுகிறார்கள், சிலர் ஆவதில்லை.

முடிவைப் பற்றி ஒன்று. ஒரு கைக்குழந்தையோடு ஊரைவிட்டுத் தப்பி, பனியில் சறுக்கிப் போகும் ஜோனஸ் பிழைத்தானா, செத்தானா என்று தெளிவாகச் சொல்லாமலே நாவல் முடிகிறது. லௌரி பின்னால் எழுதிய புத்தகங்களில் விடை இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் ஆசைதீரச் சண்டை போட்டு முடிக்கும்வரை அதைச் சொல்லாதீர்கள். ஒருமுறை ஒரு பையன் அடுத்த புத்தகங்களையும் படித்துவிட்டு வந்திருந்தான். இரண்டு நாள் மட்டும் பேசாமல் இருடா என்று கெஞ்சினேன். ஒரு நாள்தான் தாங்கினான்.